கேரன் கார்பென்டரும் கொஞ்சம் பொட்டாசியமும்

கார்பென்டர்ஸ்னு ஒரு அமெரிக்க இசைக்குழு. 1970-களில் உலகம் முழுக்கக் கொடிகட்டிப் பறந்த அண்ணன் தங்கை ஜோடி. பெயர் தெரியாவிட்டாலும் பாட்டு உங்கள் காதில் எங்கேயோ விழுந்திருக்கும். ஒரு காபி ஷாப்பில், ஒரு பழைய படத்தில், இல்லேன்னா தூக்கம் வராத ராத்திரியில் யூடியூப் தானாகவே ஓட்டிய ஏதோ ஒரு வீடியோவில். ரொம்பத் தணிந்த ஒரு பெண் குரல். பக்கத்தில் உட்கார்ந்து நமக்கு மட்டும் பாடுவது போல இருக்கும்.

அந்தக் குரல் கேரன் கார்பென்டருடையது. 1983 பிப்ரவரி 4 அன்று காலை, அப்பா அம்மா வீட்டில் சுருண்டு விழுந்து இறந்துபோனார். வயது 32.

அவருடைய வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். நடுவில் கொஞ்சம் சிறுநீரகம், கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும். பயப்படாதீங்க, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி போதும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்களுக்கும் புரியும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கேரன் எவ்வளவு எடை இருந்தார், எத்தனை மாத்திரை போட்டார் என்ற எண்கள் இதில் வராது. அவருக்கு இருந்த நோய் உள்ளவர்கள் அந்த மாதிரி எண்களை எச்சரிக்கையாகப் படிப்பதில்லை, டார்கெட்டாகப் படிக்கிறார்கள். படிக்கிறவர்களில் யார் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான்.

விளையாட்டு வகுப்புக்கு டிமிக்கி

கேரன் பிறந்தது 1950 மார்ச் 2, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில். அண்ணன் ரிச்சர்ட் மூன்றரை வயது மூத்தவர். பியானோவில் கெட்டிக்காரர். வீட்டில் எல்லாருடைய கவனமும் ரிச்சர்ட் மீதுதான். அவனுடைய இசைக்கு வழி கிடைக்கும் என்பதும் ஒரு காரணமாக, 1963-ல் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு நாட்டின் மறு கோடியான கலிபோர்னியாவுக்குப் போனது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டவுனி என்ற ஊர்.

டவுனி பள்ளியில் கேரனுக்கு விளையாட்டு வகுப்பு பிடிக்கவில்லை. தப்பிக்க ஒரே வழி, பள்ளி பேண்ட் வாத்தியக் குழுவில் சேர்வது. சேர்ந்தார். கையில் கொடுத்தது ஒரு மணி வாத்தியம். அதுவும் பிடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பையன் டிரம்ஸ் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், அதைத்தான் வாசிப்பேன் என்று அடம்பிடித்தார். பெண்கள் டிரம்ஸ் வாசிப்பது அப்போது வழக்கமே இல்லை. குச்சியைக் கையில் எடுத்த கொஞ்ச நாளிலேயே, இது இந்தப் பெண்ணுக்காகவே செய்த வாத்தியம் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

1966-ல் அண்ணனும் தங்கையும் ஒரு நண்பரும் சேர்ந்த மூவர் குழு, ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த பெரிய போட்டியில் ஜெயித்தது. அப்போது கேரனுக்கு 16. பிறகு லாங் பீச் கல்லூரி, அங்கே சேர்ந்திசைக் குழு, நிறைய நிராகரிப்பு, நிறைய டெமோ டேப். 1969-ல் ஏ அண்ட் எம் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

1970-ல் வந்தது 'குளோஸ் டு யூ'. நான்கு வாரம் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது. அடுத்த வருஷம் இரண்டு கிராமி விருதுகள். 1973-ல் வெள்ளை மாளிகையில், ஜனாதிபதி நிக்சன் முன்னால் கச்சேரி. இருபது வயதிலிருந்து இருபத்து மூன்று வயதுக்குள் இவ்வளவும் நடந்தது. அந்த வயதில் நாம் பிளேஸ்மெண்ட்டுக்குச் சட்டை தேடிக்கொண்டிருப்போம்.

முன்னாடி வந்து நில்லுங்க

கேரன் தன்னை ஒரு பாடகியாக நினைக்கவே இல்லை, பாடவும் தெரிந்த டிரம்மர் என்றுதான் நினைத்தார். உயரம் குறைவு. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ரசிகர்களுக்கு முகம் தெரியாது. நட்சத்திரம் ஒளிந்துகொண்டிருந்தால் எப்படி என்று எல்லாரும் சொன்னார்கள். வியாபாரக் கணக்குப்படி அது சரிதான். அதனால் மெல்ல மெல்ல அவரை முன்னால் கொண்டுவந்து, கையில் மைக்கைக் கொடுத்து, நீளமான கவுன் உடுத்தி நிறுத்தினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. ஆசையாக ஒளிந்துகொள்ள ஒரு இடம் இருந்தது, அது போய்விட்டது. ஆயிரக்கணக்கான பேர் தன் உடம்பைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கிறார்கள். இனி ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான்.

டயட் என்பது அவருக்குப் புதிது இல்லை. பள்ளி முடிக்கிற வயதிலேயே, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறோமே என்று ஒரு டாக்டர் சொன்ன டயட்டில் எடை குறைத்திருந்தார். அதில் பிரச்சினை எதுவும் வரவில்லை. 1973-ல் ஒரு நிகழ்ச்சியில் எடுத்த தன் போட்டோவைப் பார்த்துத்தான் மனசு சங்கடப்பட்டது. உடற்பயிற்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டார். பயிற்சியில் தசை கூடியது, உடம்பு வலுவானது. கண்ணாடியில் அது குண்டாகத் தெரிந்தது. அவரை அனுப்பிவிட்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினார்.

சாப்பாட்டு மேசையில் தன் தட்டில் இருப்பது ரொம்ப நன்றாக இருக்கிறது, நீங்களும் ருசி பாருங்கள் என்று எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பாராம். பார்ப்பவர்களுக்கு என்ன தாராள மனசு என்று தோன்றும். கடைசியில் தட்டில் ஒன்றும் இருக்காது.

1975-ல் மேடைக்கு அவர் வந்தபோது அரங்கத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டு ஷோவுக்கு நடுவே படுத்தே கிடப்பார். பாடும்போது மட்டும் எழுந்து வருவார். குரலில் ஒரு பிசிறு கிடையாது. அந்த வருஷம் ஐரோப்பா, ஜப்பான் பயணங்கள் ரத்தாயின. களைப்பு என்று வெளியே சொன்னார்கள்.

அதன் உண்மையான பெயர் அனோரெக்ஸியா நெர்வோசா. 1870-களிலேயே லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்த பெயர் அது. நூறு வருஷம் ஆகியும் பொதுமக்களில் பெரும்பாலானோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒல்லியாக இருக்கும் பெண்ணிடம் கொஞ்சம் சாப்பிடேம்மா என்று சொல்வதுதான் எல்லாருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். கேரன் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள்.

உள்ளே நடந்தது

இப்போது கெமிஸ்ட்ரி.

இந்த நோயில் சிலர் சாப்பாட்டைக் குறைப்பதோடு நிற்பதில்லை. வாந்தி எடுப்பார்கள், பேதி மாத்திரை போடுவார்கள். கேரன் பேதி மாத்திரை போட்டதையும், தைராய்டு நோயே இல்லாமல் தைராய்டு மாத்திரை போட்டதையும் பிற்பாடு தன் சிகிச்சையாளரிடம் ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், பேதி மாத்திரையால் கொழுப்பு குறையாது. சாப்பாட்டின் சத்தைச் சிறுகுடல் முன்னாடியே உறிஞ்சிவிடும். மாத்திரை வேலை செய்வது பெரும்பாலும் அதற்கு அடுத்த பெருங்குடலில். போவது தண்ணீரும் உப்பும்தான். எடை மிஷினில் முள் இறங்கும், ஆனால் இறங்கியது தண்ணீர்.

நம் உடம்பில் பொட்டாசியத்தின் கணக்கு விசித்திரமானது. மொத்தத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே. வெளியே, ரத்தம் முதலான திரவத்தில் இருப்பது 2 சதவீதம். அந்த 2 சதவீதத்தின் அளவு ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்கலாம். 2.5-க்குக் கீழே போனால் ஆபத்து. ஏனென்றால் இதயத் தசையின் ஒவ்வொரு துடிப்பும், உள்ளே இருக்கும் பொட்டாசியத்துக்கும் வெளியே இருக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பி ஓடுகிற ஒரு மின்சார வேலை. வெளியே அளவு சரிந்தால் தாளம் தப்பும். ஒரு டிரம்மரின் உடம்பில் இது நடந்தது என்பதை நினைத்தால் என்னமோ செய்கிறது.

பேதியில் பொட்டாசியம் நேராகவே வெளியேறும். வாந்தியில் அப்படி இல்லை. வாந்தியில் இருக்கும் பொட்டாசியம் கொஞ்சம்தான். ஆனாலும் தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் அதல பாதாளத்துக்குப் போகும். எங்கே போகிறது? சிறுநீரில். வெளியே தள்ளுவது ஒரு குறையும் இல்லாத சிறுநீரகம்.

அது ஏன் அப்படிச் செய்கிறது? ஒரு நாளைக்கு இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கின்றன. எதைத் திருப்பி எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க ஒரு முன்னுரிமைப் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் முதலிடம் தண்ணீரின் அளவுக்கு. ரத்தத்தின் அளவு குறைந்தால் அழுத்தம் விழும், மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் காலி. அதனால் தண்ணீர் குறைந்ததும் சிறுநீரகம் ரெனின் என்ற அலாரத்தை அடிக்கும். அலாரம் போய் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை எழுப்பும். ஆல்டோஸ்டிரோனின் உத்தரவு ஒன்றுதான். சோடியத்தைப் பிடித்து உள்ளே போடு, தண்ணீர் பின்னாலேயே வரும். சோடியம் உள்ளே வரும் அந்தக் கடைசிக் குழாயில் மின்னூட்டம் சமன்பட வேண்டுமே! பொட்டாசியமும் ஹைட்ரஜன் அயனியும் வெளியே போகும்.

தண்ணீரைக் காப்பாற்ற பொட்டாசியத்தை அடகு வைக்கிறது சிறுநீரகம். வயலில் வேலை செய்து வியர்த்துவிட்டது, ஒரு நாள் பேதியானது என்றால் இது அருமையான ஏற்பாடு. ஒரு நாளில் சாப்பிட்டு மீட்டுவிடலாம். தினமும் அடகு வைத்தால்? வருஷக்கணக்கில் வைத்தால்?

அடுத்தது அமில காரக் கணக்கு. வயிற்றுச் சுவர் ஒரு ஹைட்ரஜன் அயனியை வயிற்றுக்குள் தள்ளும்போதெல்லாம், ஒரு பைகார்பனேட்டை ரத்தத்தில் போடுகிறது. அமிலம் கீழே குடலுக்குப் போனதும் கணையம் அதே அளவு பைகார்பனேட்டைக் குடலில் விட்டு வரவு செலவை நேர் பண்ணிவிடும். வாந்தி எடுத்தால் அமிலம் குடலுக்குப் போவதே இல்லை. வரவு மட்டும் ரத்தத்தில் தங்கிவிடும். ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே இருக்க வேண்டியது, மேலே ஏறும். இதை வளர்சிதை மாற்றக் காரத்தன்மை என்கிறார்கள். ஆங்கிலப் பெயர் மெட்டபாலிக் ஆல்கலோசிஸ்.

இதில் என்னைத் திகைக்க வைத்த விஷயம் இதுதான். ரத்தம் காரமாக இருந்தால் சிறுநீரகம் காரத்தைத்தானே வெளியே தள்ள வேண்டும்? சாதாரண நாளில் தள்ளும். ஆனால் காரத்தைத் தள்ள குளோரைடு வேண்டும், அது வாந்தியோடு போய்விட்டது. சோடியத்தை விடக் கூடாது என்ற உத்தரவும் தலைக்கு மேல் இருக்கிறது. பொட்டாசியமும் தீர்ந்து போனதால் சோடியத்துக்குப் பதிலாக ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்க வேண்டியதாகிறது. விளைவு? ரத்தம் காரமாக இருக்கும்போது சிறுநீர் அமிலமாக வெளியேறும். நெகட்டிவ் ஃபீட்பேக்காக இருந்த லூப், பாசிட்டிவாக மாறிவிடும். பிழை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

பேதியில் கதை கொஞ்சம் மாறும். குடல் திரவத்தில் பைகார்பனேட் நிறைய. திடீரென்று கடுமையான பேதியானால் அது போய் ரத்தம் அமிலமாகும். காலராவில் நடப்பது அதுதான். ஆனால் பேதி மாத்திரையை மாசக்கணக்கில் எடுப்பவர்களுக்கு, தண்ணீர்க் குறைவும் பொட்டாசியக் குறைவும் சேர்ந்து ரத்தம் காரப் பக்கமும் சாயலாம். ஒரே ஆளுக்கு ஒரு வாரம் ஒரு பக்கம், அடுத்த வாரம் மறு பக்கம் என்று இழுபறியும் நடக்கலாம்.

இவ்வளவுக்கும் சிறுநீரகத்தில் நோய் இல்லை. சலைனும் பொட்டாசியம் குளோரைடும் ஏற்றினால், தண்ணீரும் குளோரைடும் பொட்டாசியமும் திரும்பக் கிடைத்ததும் சிறுநீரகம் தானாகவே காரத்தை வெளியே தள்ளிக் கணக்கை நேர் பண்ணிவிடும். ஆரம்ப வருஷங்களில் அப்படி. இதே நிலை பல வருஷம் நீடித்தால் குழாய்ச் செல்கள் சிதைந்து, வடு விழுந்து, கல் உண்டாகி, சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும். குறையே இல்லாமல் இருந்த உறுப்பு, சொன்ன வேலையைச் செய்து செய்தே கெட்டுப்போகும்.

ரிப்போர்ட் நார்மல்

ஏன் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீங்க. உடம்பு இதை மறைக்கும் என்பதுதான் பதில்.

பொட்டாசியம் மெதுவாக இறங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும். நடப்பார்கள், சிரிப்பார்கள், வேலைக்குப் போவார்கள். மேலும், நாம் டெஸ்ட் பண்ணுவது ரத்தத்தில் இருக்கும் 2 சதவீதத்தை. செல்லுக்குள் எவ்வளவு காலியாகியிருக்கிறது என்பது அந்த எண்ணில் முழுசாகத் தெரியாது.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியேட்டினின் டெஸ்ட் எடுப்பார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. தசை கரைந்துபோன ஒருவருக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும். அவருக்கு 0.4 இருக்க வேண்டிய இடத்தில் 0.9 என்று வந்தால், வடிகட்டும் திறன் பாதிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். லேப் பேப்பரிலோ 0.9-க்குப் பக்கத்தில் நார்மல் என்று இருக்கும். சென்சார் சரியாகத்தான் ஓடுகிறது, காலிபரேஷன் வேறு ஒருவருடைய உடம்புக்குப் போட்டது.

தனி ஆல்பம், கல்யாணம்

கேரன் கதைக்குத் திரும்புவோம். 1979-ன் தொடக்கத்தில் ரிச்சர்ட் தூக்க மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீள ஒரு சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். அண்ணன் இல்லாத அந்த இடைவெளியில் கேரன் நியூயார்க் போய், ஃபில் ரமோன் என்ற தயாரிப்பாளரோடு தனியாக ஒரு ஆல்பம் பாடினார். வாழ்க்கையில் முதல் முறையாக, தானே முடிவெடுத்துச் செய்த வேலை. சொந்தப் பணமும் நிறையப் போட்டார். 1980-ல் கேட்டுப் பார்த்த நிறுவனத்தாருக்கும் ரிச்சர்டுக்கும் பிடிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அது வெளிவந்தது 1996-ல்.

அதே 1980 ஆகஸ்டில் கல்யாணம். ஒன்றரை வருஷம்கூட நிற்கவில்லை.

எல்லாரும் அவரை நேசித்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கே உட்கார வேண்டும், என்ன பாட வேண்டும், எது வெளிவர வேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். தன் கட்டுப்பாட்டில் இருந்த ஒரே விஷயம் தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். இந்த நோயைப் பற்றி எழுதுகிற பலரும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருகிறார்கள். காரணம் இது ஒன்றே என்று சொல்ல முடியாது. மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஆனால் கேரனின் வாழ்க்கையைப் படிக்கும்போது இதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

நியூயார்க், 1982

1982 தொடக்கத்தில் கேரன் தானாகவே உதவி தேடி நியூயார்க் போனார். உணவுக் கோளாறு நோய்களில் பெயர் பெற்ற ஸ்டீவன் லெவன்க்ரான் என்ற மனநல சிகிச்சையாளரிடம். ஹோட்டலில் தங்கி, வாரத்தில் ஐந்து நாள் போய் வந்தார். பழைய பழக்கம் அங்கும் கூடவே வந்தது. நடுவே ஏப்ரலில் கலிபோர்னியா வந்து சில பாட்டுகள் பாடிவிட்டுப் போனார். அதுதான் கடைசி ஒலிப்பதிவு. கேட்டுப் பாருங்க, குரலில் ஒன்றுமே தெரியாது.

செப்டம்பரில் தலை சுற்றியது, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. லெனாக்ஸ் ஹில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. நாம் மேலே பார்த்த கணக்கு அத்தனையும் ஒரு லேப் பேப்பரில் வந்து நின்றது. நெஞ்சுக்குப் பக்கத்துப் பெரிய நரம்பு வழியாகச் சத்து ஏற்றினார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்தால் அதுவே ஆளைக் கொல்லலாம். சர்க்கரை வந்ததும் இன்சுலின் சுரக்கும், அது ரத்தத்தில் மிச்சம் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைச் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். இதயமும் சுவாசமும் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து விடுதலையான கைதிகளில் சிலர் நல்ல சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோனதைப் பார்த்துத்தான் மருத்துவம் இதைக் கற்றுக்கொண்டது. அதனால் இந்த நோயில் சாப்பிட வைப்பதும் மருத்துவர் கண்காணிப்பில், தினமும் ரத்தம் பார்த்து, படிப்படியாகத்தான்.

சில வாரங்களில் கேரனுக்கு எடை கூடியது. முகத்தில் களை வந்தது. நவம்பரில் வீட்டுக்குத் திரும்பினார். குணமாகிவிட்டேன் என்றார். எல்லாரும் நம்பினார்கள், நம்ப ஆசைப்பட்டார்கள். 1983 ஜனவரியில், பழைய கிராமி வெற்றியாளர்களோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். பொது இடத்தில் அவர் தோன்றியது அதுவே கடைசி.

பிப்ரவரி 3 ராத்திரி டவுனியில் அப்பா அம்மா வீட்டில் தங்கினார். மறுநாள் காலை மாடியில் துணி அலமாரிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பயனில்லை. இதயம் நின்றுவிட்டது.

பிரேதப் பரிசோதனை அறிக்கை எமெட்டின் என்ற பொருள் இதயத்தைப் பாதித்ததாகவும், அதற்கு அடிப்படை அனோரெக்ஸியா என்றும் சொன்னது. எமெட்டின், இபிகாக் என்ற தென்னமெரிக்கச் செடியின் வேரில் இருப்பது. குழந்தைகள் விஷத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைப்பதற்காக அமெரிக்க வீடுகளில் அப்போது அந்தச் சிரப்பை அலமாரியில் வைத்திருந்தார்கள், கடையில் சீட்டு இல்லாமலே கிடைத்தது. திரும்பத் திரும்பப் போனால் அது உடம்பை விட்டுப் போகாமல் தசைகளில் சேரும். இதயமும் ஒரு தசைதான். கேரன் அதைக் குடித்தார் என்பதை ரிச்சர்ட் ஏற்கவில்லை. எது எப்படியோ, வருஷக்கணக்கில் பொட்டாசியம் இழந்து, பட்டினியில் மெலிந்த இதயம் அது. சிகிச்சை சில மாதங்கள், நோய் பல வருஷங்கள்.

அதுக்கப்புறம்

கேரன் இறந்த பிறகுதான் அமெரிக்காவின் சாதாரண வீடுகளில் அனோரெக்ஸியா என்ற சொல் புழங்க ஆரம்பித்தது. தன் மகளுக்கும் இதுதானோ என்று பெற்றோர் மருத்துவரிடம் போனார்கள். அதுவரை வாயைத் திறக்காத பலர் பேசினார்கள். 2003-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், இபிகாக் சிரப்பை இனி வீட்டில் வைக்க வேண்டாம் என்று அறிவித்தது.

சரி, நமக்கு என்ன? ஹாஸ்டலில் இருக்கிறோம். மெஸ்ஸில் சாப்பிடாமல் எழுந்து போகிறவர்களைப் பார்க்கிறோம். சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் கழித்து வருகிறவர், மல்யுத்தப் போட்டிக்கோ ஜிம் போட்டோவுக்கோ தண்ணீரே குடிக்காமல் உடம்பை வற்ற வைக்கிறவர், மூன்று மாதத்தில் பாதியாகிப்போய் எல்லாரிடமும் பாராட்டு வாங்குகிறவர். இது பெண்களுக்கு மட்டும் வருகிற நோய் இல்லை. ஒல்லியாக இருப்பவர்களுக்கு மட்டும் வருகிற நோயும் இல்லை. வாந்தியும் பேதி மாத்திரையும் இருந்தால், பார்க்க நார்மலாக இருப்பவரின் பொட்டாசியமும் பாதாளத்தில் இருக்கலாம்.

அந்த மாதிரி ஒருவரைத் தெரிந்தால், சாப்பிடு என்று திட்டாதீங்க, என்னமா இளைச்சிட்டே என்று புகழவும் செய்யாதீங்க. தனியாகக் கூப்பிட்டு, உனக்கு ஏதோ கஷ்டம் போல இருக்கு, நான் கூட வர்றேன், டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லுங்க. டாக்டரிடம் வாந்தியையும் மாத்திரையையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்க. சொன்னால்தான் அவர் எலக்ட்ரோலைட்டும் இசிஜியும் பார்ப்பார். தலைசுற்றல், தசைத் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் என்று எது இருந்தாலும் மறுநாளைக்குத் தள்ளாமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பேசுவதற்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால் 14416, மத்திய அரசின் டெலி மனஸ் எண். இலவசம், தமிழிலும் பேசலாம்.

அந்த ஆள் நீங்களாகவே இருந்தாலும் இதேதான். உங்கள் சிறுநீரகம் இந்த நிமிஷம்கூட உங்களைக் காப்பாற்ற எதையோ அடகு வைத்துக்கொண்டிருக்கலாம். அடகுச் சீட்டு இன்னும் கையில் இருக்கும்போதே மீட்டுவிடலாம்.

இன்றைக்கு ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு கார்பென்டர்ஸ் பாட்டு ஒன்று கேளுங்க. முடிந்தால் கேரன் டிரம்ஸ் வாசிக்கிற வீடியோ ஒன்றையும் தேடிப் பாருங்க. குச்சி இரண்டையும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்போடு, சுற்றி இருப்பவர்களை மறந்து வாசிப்பார். அவரை அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.